ஒரே வீடு, நான்கு வாடகை: டெஸ்மண்டுடன் விபோர்க் போன சனிக்கிழமை

டென்மார்க்குக்கு வேலைக்கு வரப்போகும் ஒருவர் போன வாரம் எனக்கு எழுதியிருந்தார். "அங்கே வீட்டு வாடகை எவ்வளவு வரும்?" இவ்வளவுதான் கேள்வி. நாற்பது வருடமாக இங்கே வாழ்கிறவன் ஒரு வரியில் பதில் எழுதியிருக்கலாம். எழுத உட்கார்ந்தால் எண் எதுவும் வரவில்லை. 1985 ஒக்டோபரில், ஒரு சனிக்கிழமை, ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து விபோர்க்குக்கு வீடு தேடிப் போன பயணம்தான் ஞாபகத்தில் வந்து நின்றது. அன்றைக்கு ஒரே வீட்டுக்கு நான்கு வாடகை சொல்லக் கேட்டேன். வீடு தேடி வருகிறவர்களுக்கு உதவும் என்பதால் அதையே எழுதுகிறேன். தெளிவான விளக்கம் எதிர்பார்க்க வேண்டாம். எனக்கே இன்னும் பாதிதான் விளங்கியிருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மன்னாரிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஹொல்ஸ்டெப்ரோவில் இன்னும் இரண்டு தமிழ்ப் பெடியன்களுடன் ஓர் அறையில் இருந்தேன். காலையில் டெனிஷ் வகுப்பு, மதியத்துக்குப் பிறகு காற்றாலை செய்கிற தொழிற்சாலையில் பயிற்சி வேலை. கண்ணாடி நார் இறக்கைகளைத் தேய்த்து மினுக்க வேண்டும். எவ்வளவு குளித்தாலும் கை அரிப்பு போகாது. மனைவி ஊரில் இருந்தாள், அவளைக் கூப்பிடுவதற்கான அனுமதிக்குக் காத்திருந்தேன்.

டெஸ்மண்ட் அதே தொழிற்சாலையில் பொறியியலாளர். எங்கள் காற்றாலைகளை அமெரிக்காவில் வாங்கிய நிறுவனம் இரண்டு வருட ஒப்பந்தத்தில் அனுப்பிவைத்திருந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். உயரமான, கறுத்த, அவசரமே படாத மனிதர். கையில் அமெரிக்கக் கடவுச்சீட்டு. பிறந்தது கரீபியன் கடலில் சென்ட் குரோய் என்ற தீவில். உணவு அறையில் வெள்ளையர் அல்லாதவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே என்பதால் ஒரே மேசையில் உட்காரத் தொடங்கியிருந்தோம். முதல் இரண்டு வாரம் அவருடைய ஆங்கிலம் எனக்குப் புரியவில்லை, என்னுடையது அவருக்குப் புரியவில்லை.

அவர் ஒரு விடுதி அறையில் தங்கியிருந்தார். ஓர் இரவுக்கு நூற்றெண்பது குரோனர், சமைக்க வசதி கிடையாது. அவருடைய மனைவி லொரெய்ன் ஆறு மாதக் கர்ப்பிணி. அவளும் ஐந்து வயது மகளும் மூன்று வாரத்தில் வருவதாக இருந்தது. இன்னும் பிந்தினால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். இங்கே வந்தாலோ, நிரந்தர முகவரி இருந்தால்தான் கொம்யூனில், அதாவது உள்ளூராட்சி அலுவலகத்தில், பதிய முடியும், பதிந்தால்தான் ஆளுக்கான அடையாள எண் கிடைக்கும், எண் இருந்தால்தான் மருத்துவர். விடுதி முகவரியைக் கொம்யூன் ஏற்கவில்லை. வீடு தருவதாக ஒப்பந்தத்திலும் இல்லை.

"உனக்கு டெனிஷ் தெரியும்தானே, என்னோட வா," என்றார் டெஸ்மண்ட்.

எனக்குத் தெரிந்த டெனிஷ் ஒரு வருடத்து டெனிஷ். ஆனாலும் ஓம் என்றேன். (நாங்கள் ஆங்கிலத்திலும் டெனிஷிலும் கதைத்ததை எங்கள் பேச்சுத் தமிழிலேயே எழுதுகிறேன். டெனிஷில் எல்லோருமே எல்லோருக்கும் 'நீ'தான். யார் யாரை மதிக்கிறார்கள் என்பதை அந்த மொழியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.)

பத்திரிகை விளம்பரங்களில் மூன்றைத் தெரிவுசெய்து, வெள்ளிக்கிழமை காசு போடும் தொலைபேசியிலிருந்து மூன்று இடத்துக்கும் நானே பேசினேன். மூன்று பேரும் வரச் சொன்னார்கள். தொலைபேசியில் டெனிஷ் எண்களைப் பிடிப்பது தனி வேதனை. இருபத்தைந்தை 'ஐந்தும் இருபதும்' என்று திருப்பிச் சொல்வார்கள். ஐம்பதுக்கான சொல்லுக்குள் 'இரண்டரை இருபது' ஒளிந்திருக்கும். மூன்றாவது வீட்டுக்காரர் 'ஐந்தும் இருபதும் நூறு' என்றார். இரண்டாயிரத்து ஐந்நூறு என்று எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் பிந்தி ஹொல்ஸ்டெப்ரோ பேருந்து நிலையத்தில் ஏறினோம். விபோர்க் ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல், ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. ஒருவருக்கு முப்பது குரோனர் அளவில் என்று நினைவு. வழியெல்லாம் அறுவடை முடிந்த வயல், ஊசியிலை மரக் காடு, பிறகும் வயல். டெஸ்மண்ட் கழுத்துப்பட்டி கட்டி, மேலே மழைக்கோட்டுப் போட்டிருந்தார். பேருந்து நிறைந்த பிறகும் எங்களுக்கு முன்னால் இருந்த இரண்டு இருக்கைகளும் வெறுமையாகவே வந்தன. அதற்குக் காரணம் நாங்களா, அந்த இருக்கை ஈரமா என்று எனக்குத் தெரியாது. அன்று முழுவதும் இப்படித்தான். எதைப் பார்த்தாலும் இரண்டு காரணம் இருந்தது.

முதல் வீடு விபோர்க்கில், ஏரிக்கரைக்கு இறங்கும் தெருவில், மாடி. மணியை அடித்ததும் கதவைத் திறந்த அம்மா என்னைப் பார்த்தார், டெஸ்மண்டை அண்ணாந்து பார்த்தார்.

"நேற்றுத் தொலைபேசியில கதைச்சது நான்," என்றேன்.

"ஐயோ, அரை மணித்தியாலத்துக்கு முந்தித்தான் குடுத்திட்டன்," என்றார் அவர்.

யன்னலில் 'வாடகைக்கு' என்ற அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. டெஸ்மண்ட் அதையே பார்த்தார். அந்த அம்மாவும் திரும்பி அதைப் பார்த்து, முகம் சிவந்து, கதவைச் சாத்தினார். தெருமுனை வரை நடந்தோம்.

"பொய்," என்றார் டெஸ்மண்ட்.

"ஓம், பொய்," என்றேன்.

ஆனால் திரும்பிப் பார்த்தபோது ஓர் இளம் சோடி அதே கதவால் வெளியே வந்தது. பெண்ணின் கையில் சாவி. யன்னலில் அந்த அம்மா அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் வந்து போன பிறகு கொடுத்தாரா, வருவதற்கு முன்பே கொடுத்தாரா? "இப்ப கோபப்படவும் விடுறாங்கள் இல்லை," என்றார் டெஸ்மண்ட்.

இரண்டாவது, நகரத்து ஓரத்தில் புதிதாகக் கட்டிய தொடர்மாடி. காட்டியவர் கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர், நல்ல ஆங்கிலம், நல்ல சிரிப்பு. வாடகை இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் என்றார். டெஸ்மண்டின் முகம் மலர்ந்தது. நான்கு அறை, வெளிச்சமான சமையலறை, குளியலறையில் தொட்டி. அதன் பிறகுதான் இளைஞர் 'மேலும்' என்று தொடங்கினார். சூடாக்கலுக்கு மாதம் நானூற்றைம்பது, மேலும் தண்ணீர், மேலும் தொலைக்காட்சி அன்ரெனா. மூன்று மாத வாடகை 'டெப்பொசிட்டும்' என்கிற பிணைப்பணமாக. மேலும் மூன்று மாத வாடகை முன்கூட்டியே. மேலும் முதல் மாதம்.

"அப்ப அந்த முன்கூட்டிக் குடுக்கிற மூண்டு மாதத்துக்குள்ள முதல் மாதம் அடங்காதோ?" என்று டெஸ்மண்ட் கேட்டார்.

"நாய்," என்றார் இளைஞர்.

டெனிஷ்காரர் 'இல்லை' என்பதை அப்படித்தான் உச்சரிப்பார்கள். வந்த புதிதில் கொம்யூன் அலுவலகத்தில் ஒருவர் எனக்கு அப்படிச் சொன்னபோது, நான் நாற்காலியை விட்டு எழும்பியிருக்கிறேன்.

முன்கூட்டிக் கொடுப்பது கடைசி மூன்று மாதத்துக்கானதாம். கூட்டிப் பார்த்தால், சாவி கையில் கிடைக்கும் நாளில் இருபதாயிரத்தைத் தாண்டிக் கொடுக்க வேண்டும். போகும்போது சுவருக்கு வெள்ளையும் அடித்துக் கொடுக்க வேண்டும். அடிக்காவிட்டால் அந்தச் செலவு பிணைப்பணத்தில் கழியும். கடைசியாக இளைஞர் அதே நல்ல சிரிப்புடன், வெளிநாட்டவர் என்பதால் வங்கி உத்தரவாதமும் தேவை என்றார்.

"எல்லா வெளிநாட்டவருக்குமோ?" என்று டெஸ்மண்ட் கேட்டார்.

"சுவீடன்காரருக்கு வேண்டியதில்லை."

டெஸ்மண்ட் நன்றி சொல்லிக் கைகொடுத்தார். வெளியே வந்து, கடை ஒன்றில் பாணும் பாலும் வாங்கிப் பேருந்துத் தரிப்பில் நின்றே சாப்பிட்டோம். மூன்று வாரம் என்று அவர் இரண்டு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் ஆறுதல் சொல்லத் தேடினேன். ஆங்கிலத்தில் ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வீடு திரும்பும் வழியில் ஒரு சிற்றூரில். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை, வீட்டுக்காரரின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். பிரதான வீதியில் இறங்கி, வயல் நடுவே இருபது நிமிடம் நடக்க வேண்டும். பன்றிப் பண்ணை. பண்ணை வீட்டுக்குப் பக்கத்தில் செங்கல்லில் தனியாக ஒரு சிறிய வீடு. கீழே இரண்டு அறை, மேலே கூரைக்கு அடியில் இரண்டு அறை. முன்னால் ஒரு அப்பிள் மரம். டெஸ்மண்ட் வாசலிலேயே நின்றுவிட்டார். "மகள் இதில ஏறுவாள்," என்றார்.

வீட்டுக்காரர் குனார், ஐம்பது வயது, தடித்த விரல்கள். மனைவி இங்கர் கோப்பி ஊற்றி, சமையலறை மேசையில் எங்களை உட்கார வைத்தார். கதவைச் சாத்தவில்லை, வீடு கொடுபட்டுவிட்டது என்று சொல்லவில்லை. எனக்கு நெஞ்சு இளகியது.

"அவன் எந்த நாடு?" என்று குனார் என்னைக் கேட்டார்.

கடவுச்சீட்டை நினைத்து, "அமெரிக்கா," என்றேன்.

குனார் தலையாட்டி, கோப்பியைக் குடித்து, "வாடகை மூவாயிரத்து எண்ணூறு," என்றார்.

எனக்கு முதலில் என் காதின் மேல்தான் சந்தேகம் வந்தது. 'ஐந்தும் இருபதும்' எப்படி 'எட்டும் முப்பதும்' ஆகும்? கையால் எழுதிக் காட்டச் சொன்னேன். குனார் மேசைத் துணியில் விரலால் கோடிட்டார். மூன்று, எட்டு.

"நேற்று இரண்டாயிரத்து ஐந்நூறு எண்டு சொன்னனீ," என்றேன்.

"நேற்று நீ ஆள் அமெரிக்கன் எண்டு சொல்லேல்லை. அமெரிக்கருக்குக் கம்பனிதானே கட்டும்?"

மொழிபெயர்த்தேன். டெஸ்மண்ட் தன் சம்பளத்தில்தான் கட்டுவதாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். குனாருக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. அவர் டெஸ்மண்டை நன்றாகப் பார்த்துவிட்டு, "இவன் அமெரிக்கன் மாதிரி இல்லையே, உண்மையில எந்த இடம்?" என்றார்.

நான் மொழிபெயர்த்ததும் டெஸ்மண்ட் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "சென்ட் குரோய். கிறிஸ்டியன்ஸ்டெட் பட்டினம். கொங்கன்ஸ் காடே."

கடைசி இரண்டு சொல்லும் டெனிஷ். அரசரின் தெரு என்று அர்த்தம். அவர் உச்சரித்த விதத்தில் குனாருக்கு விளங்கவில்லை. விளங்கியதும், தன்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்து முகம் இறுகியது. எனக்கும் விளங்கவில்லை. கரீபியன் தீவில் எப்படி டெனிஷ் தெரு?

இங்கர்தான், "மேற்கிந்தியத் தீவுகள்! பள்ளிக்கூட வரைபடத்தில இருந்தது. எங்கட தீவு," என்றார்.

"வித்தாச்சே," என்றார் குனார்.

"ஓம், அமெரிக்காவுக்கு வித்தனீங்கள்," என்றார் டெஸ்மண்ட், நான் அதைச் சொன்னதும். "தெருவின்ர பேர்ப்பலகையைக் கழற்றேல்லை."

குனார் நெடுநேரம் கோப்பிக் கோப்பையைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு, "அப்பிடியெண்டால் மூவாயிரம்," என்றார். எப்படியென்றால் என்று எனக்குப் புரியவில்லை. எண்ணூறு குரோனர் எதற்காகக் குறைந்தது? பழைய உறவுக்கா, இவர் அவ்வளவு அமெரிக்கர் இல்லை என்பதற்கா?

எண்ணெய்த் தாங்கியையும் சூடாக்கும் இயந்திரத்தையும் காட்டுவதாக என்னை மட்டும் குனார் பின்பக்கம் கூட்டிப் போனார். இயந்திரத்தைக் காட்டவில்லை.

"நீ அகதியோ?"

"ஓம்."

"குடும்பம்?"

"மனிசி ஊரில. வர இருக்கிறா."

"உனக்கெண்டால் இரண்டாயிரத்து இருநூறு. கொம்யூன் உன்ர வாடகைக்குப் பொறுப்பு நிக்கும், எனக்குக் கவலையில்லை. அவனுக்கு வேற இடம் கிடைக்கும்."

ஒரு நொடி, என் மனைவி அந்தச் சமையலறை யன்னலருகில் நிற்பதைக் கண்டேன். மறைக்க மாட்டேன். ஆனால் அவளுக்கான அனுமதியே இன்னும் வரவில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கிற மனிதரின் மனைவியோ விமானத்தில் ஏறக் காத்திருக்கிறாள். "அவர் என்னைத் துணைக்குத்தான் கூட்டி வந்தவர்," என்றேன். அதற்கு மேல் எனக்கு டெனிஷ் வரவில்லை. விறுவிறு என்று உள்ளே போய், எல்லாவற்றையும் டெஸ்மண்டிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். "உனக்கு வீடு வேணுமோ?"

"வேணும். இது இல்லை. உங்கட மனிசிக்கு டொக்டர் வேணும்."

டெஸ்மண்ட் எழுந்தார். சத்தம் போடப் போகிறார் என்று பயந்தேன். குனாரும் அப்போதுதான் உள்ளே வந்தார். டெஸ்மண்ட் தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "அவரிட்டக் கேள். அமெரிக்கனுக்கு எவ்வளவு, தீவுக்காரனுக்கு எவ்வளவு, அகதிக்கு எவ்வளவு எண்டது எனக்கு வேண்டாம். இந்த வீட்டுக்கு எவ்வளவு?"

கேட்டேன். குனார் ஏமாற்றப் பார்த்தார் என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது போல முழித்தார்.

இங்கர் கோப்பைகளை எடுத்துக்கொண்டே, "முந்தி இருந்த வாத்தியார் இரண்டாயிரத்து ஐந்நூறு குடுத்தவர்," என்றார்.

"எண்ணெய் அப்ப மலிவு," என்றார் குனார்.

"எண்ணெய்க்கு அவர் தானேதான் கட்டினவர், குனார்."

இரண்டாயிரத்து ஐந்நூறு, எண்ணெய்ச் செலவு தனி, பிணை மூன்று மாதம், முன்கூட்டி எதுவும் இல்லை. முதல் நாளில் பத்தாயிரம். டெஸ்மண்ட் கையை நீட்டினார். குனாரும் நீட்டினார். வீடு கிடைத்த சந்தோஷம் வர எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

வீதிக்கு நடந்து வந்தால் பேருந்து இல்லை. சனிக்கிழமை பின்னேரச் சேவை முடிந்திருந்தது. அட்டவணையைச் சரியாக வாசிக்காதது என் பிழை. மழையில் நிற்கையில் குனாரின் பழைய கார் வந்து நின்றது. இங்கர் அனுப்பியிருக்க வேண்டும். டெஸ்மண்ட் முன்னால், நான் பின்னால், பன்றித் தீவன மூட்டைகளோடு.

பத்துக் கிலோமீற்றர் போன பிறகு குனார் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இவனைக் கேள், அந்தத் தீவுக்கு இவன்ர ஆக்கள் எப்பிடி வந்தவை?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். பக்கத்து ஊர்க்காரரிடம் கேட்பது போல.

கேட்டேன். டெஸ்மண்ட் மழை துடைப்பான் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கட கப்பலில," என்றார். "ஆப்பிரிக்காவில இருந்து. கரும்பு வெட்ட. ஆளுக்கொரு விலை போட்டு."

இதை மொழிபெயர்க்கலாமா என்று யோசித்தேன். அப்போதுதான் வீடு கிடைத்திருக்கிறது, கையெழுத்துக்கூட வைக்கவில்லை. டெஸ்மண்ட் திரும்பி, "சொல்லு," என்றார். எனக்குத் தெரிந்த சின்னச் சின்ன டெனிஷ் சொற்களில் சொன்னேன். சின்னச் சொற்களில் அது இன்னும் மோசமாகக் கேட்டது.

குனார் காரை ஓட்டிக்கொண்டே இருந்தார். ஹொல்ஸ்டெப்ரோ விளக்குகள் தெரிந்தன. விடுதி வாசலில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்த பிறகுதான், "எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில அதைச் சொல்லித் தரேல்லை," என்றார். கோபமா, வெட்கமா, வெறும் தகவலா, குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த மூச்சிலேயே, "பிணைப்பணம் புதன்கிழமைக்கு முந்தி," என்றார்.

டெஸ்மண்ட் படிக்கட்டில் நின்று சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவே இல்லை. நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமல்.

வீடு தேடுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இதுதான். வாடகை எவ்வளவு என்று கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். சாவி வாங்கும் நாளில் மொத்தம் எவ்வளவு, சூடாக்கல் யாருடைய செலவு, போகும்போது வெள்ளை அடிப்பது யார் என்று கேளுங்கள். முன்பு இருந்தவர் எவ்வளவு கொடுத்தார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள், முடிந்தால் வீட்டம்மா பக்கத்தில் இருக்கும்போது. வாடகை கூடுதல் என்று பட்டால் கொம்யூனில் முறையிட ஒரு சபை இருக்கிறது. அது அப்போதும் இருந்தது, எங்களுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. சிற்றூருக்குச் சனிக்கிழமை போனால் திரும்பும் பேருந்தை முதலில் பாருங்கள். என்னைவிட நன்றாக டெனிஷ் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

லொரெய்ன் நவம்பரில் மகளோடு வந்தாள். முகவரி பதிந்து, எண் வந்து, மருத்துவர் பார்த்து, தையில் ஹொல்ஸ்டெப்ரோ ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. பனியில் அவளைக் காரில் கொண்டு போனது குனார்தான். அமெரிக்காவிலிருந்து வரும் ஓடர்கள் குறைந்து தொழிற்சாலை ஆட்களை நிறுத்தும் வரை அவர்கள் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். என் மனைவி அடுத்த வருடம் வந்தாள். எங்களுக்குக் கொம்யூன் ஹொல்ஸ்டெப்ரோவிலேயே ஒரு மாடி வீடு ஒழுங்கு செய்தது.

குடிபுகுந்த நாளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பெட்டிகளைத் தூக்க நானும் போயிருந்தேன். காலைக் குளிர், வெயில். பண்ணைப் பாதையில் திரும்பியதும், சிறிய வீட்டுக்கு முன்னால் இருந்த கம்பத்தில் டென்மார்க் கொடி பறப்பதைக் கண்டோம். சிவப்பில் வெள்ளைச் சிலுவை. இங்கே பிறந்தநாளுக்கும் ஏற்றுவார்கள், விருந்தாளி வந்தாலும் ஏற்றுவார்கள். அது எனக்கு அப்போது தெரியாது. யாரோ செத்துப் போனார்களோ என்றுகூட நினைத்தேன்.

இங்கர் வாசலுக்கு வந்து, "உங்களுக்காகத்தான். குனார் விடிய எழும்பி ஏத்தினவர்," என்றார். குனாரைக் காணவில்லை. பன்றிகளுக்குத் தீவனம் போடப் போயிருந்தாராம்.

டெஸ்மண்ட் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். "தீவை வித்து எங்கட ஊரில இதை இறக்கின நாள் என்ர அப்பப்பா சின்னப் பொடியனாம்," என்றார். "எல்லாரும் அழுததாச் சொல்லுவார். ஏன் அழுதனீங்கள் எண்டு கேட்டால், தெரியாது, ஆக்கள் அழுதவை, நானும் அழுதனான் எண்டுவார்."

அவர் முகத்தில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. லொரெய்ன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னவள் மட்டும் கம்பத்தடிக்கு ஓடிப் போய், "வடிவாயிருக்கு, இது எங்கட வீட்டுக் கொடியோ?" என்று கேட்டாள்.

டெஸ்மண்ட் என்னைப் பார்த்தார். நான் இங்கரைப் பார்த்தேன். அவர் ஆங்கிலம் விளங்காமல் சிரித்துக்கொண்டு நின்றார். கடைசியில் டெஸ்மண்ட் பெட்டியைத் தூக்கி, "உள்ள வா, குளிருது," என்று மகளைக் கூப்பிட்டார்.